முப்பது கிலோமீட்டரில் தெரிவது

அடுத்த மாரத்தானுக்கு உடல் தயாரா என்று அறிய, குன்னூர்–ஊட்டி சாலையில் ஓடும் முப்பது கிலோமீட்டரைவிட நேர்மையான சோதனை அரிது. சுமார் 1,850 மீட்டரிலிருந்து வெலிங்டன், அருவங்காடு வழியே 2,240 மீட்டர் வரை ஏற்றம். ஏறக்குறைய 18 கிலோமீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, மூச்சு முந்திக்கொள்ளும். ஆனால் உண்மையான கேள்வியை எழுப்புவது, முப்பது கிலோமீட்டர் நிறையும் வரை வந்த வழியே திரும்பும் இறக்கம்தான். ஒவ்வொரு அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டும். மாரத்தானின் கடைசிப் பத்து கிலோமீட்டரில் முதலில் கைவிடுவதும் பெரும்பாலும் அந்தத் தசையே.

சென்னை மாரத்தான் சமதளம், புழுக்கம் வேறு. மலைக்குளிரில் ஓடி என்ன தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த ஓட்டத்தின் நேரத்தை வைத்து அங்கே எடுக்கப்போகும் நேரத்தைக் கணிக்க முடியாது. வெயிலுக்குத் தனியே பழக வேண்டும். இங்கே பார்க்க வேண்டியது கடிகாரத்தை அல்ல. திரும்பும் வழியில் கேத்தி ஊரைத் தாண்டிய பிறகும் அடிவைப்பு சீராக இருக்கிறதா, இடையில் உண்டது வயிற்றில் தங்கியதா, மறுநாள் படி இறங்க முடிகிறதா என்பவற்றையே. அப்படியானால் 42.195 கிலோமீட்டரையும் ஓடிப் பார்த்துவிடலாமே? கூடாது. அதிலிருந்து மீள வாரக்கணக்கில் ஆகும். போட்டிக்கு வைத்திருந்த வலிமை பயிற்சியிலேயே செலவாகிவிடும்.