தடமற்ற காட்டில் வேட்டைக்கதை: சுந்தரவனத்து ஆட்கொல்லிப் புலிகள் பற்றிய எடுத்துரைப்புகள்

ஆட்கொல்லிப் புலியை வேட்டையாடுவது பற்றிய எழுத்து இந்தியாவில் தனியொரு வகைமையாக நிலைபெற்றுள்ளது. அதன் முன்மாதிரியாகக் கொள்ளப்படுவது 1944இல் வெளிவந்த ஜிம் கார்பெட்டின் நூல். தி. ஜ. ரங்கநாதனின் மொழிபெயர்ப்பில் ‘குமாயுன் புலிகள்’ எனத் தமிழ் வாசகருக்கும் அது நெடுங்காலமாக அறிமுகமானதே. வங்கத்தின் சதுப்புநிலக் காடான சுந்தரவனத்தைப் பற்றி எழுந்த எடுத்துரைப்புகளையும் இந்த முன்மாதிரியைக் கொண்டே அளக்கும் பழக்கம் விமரிசகரிடையே காணப்படுகிறது. அவ்வளவுகோல் அங்குப் பொருந்தாது என்பதையும், பொருந்தாமையின் விளைவாகச் சிலருடைய சாவு கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது என்பதையும் எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

கார்பெட்டின் கதைகள் அடிப்படையில் துப்பறியும் கதைகள். ஓர் ஊரில் ஒருத்தி காணாமற்போகிறாள்; இரத்தத் துளி, நசுங்கிய புல், ஈரமண்ணில் பதிந்த காலடி ஆகியவற்றைத் தொடர்ந்து வேட்டைக்காரர் செல்கிறார்; காலடியின் அளவு கொண்டு விலங்கின் பாலும் வயதும் அறியப்படுகின்றன; இறுதியில் துப்பாக்கி வெடிக்கிறது. வெடித்தபின்னும் கதை முடிவதில்லை என்பதே இவ்வகையின் சிறப்பு. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டு 1907இல் வீழ்ந்த சம்பாவத்துப் பெண்புலியின் வாயைத் திறந்து பார்க்கும்போது, பழைய குண்டடியால் வலப்புறக் கோரைப்பற்கள் உடைந்திருந்தமை தெரியவருகிறது. முக்தேசர்ப் பெண்புலியின் உடலில் முள்ளம்பன்றியின் முட்கள். குற்றம், தடம், குற்றவாளி, காரணம் என்ற வரிசை இவ்வாறு நிறைவுறுகிறது. புலி இயல்பில் மனிதரை உண்பதன்று, காயமே அதனை அவ்வாறு ஆக்கியது என்னும் முடிவு வாசகருக்கு ஆறுதலும் தருகிறது.

இவ்வரிசையின் முதற்கண்ணி தடம். சுந்தரவனத்தில் அறுந்துபோவதும் அதுவே. இந்தியாவிலும் வங்கதேசத்திலுமாக ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரந்த அக்காட்டில் நாள்தோறும் இருமுறை கடல் ஏறி இறங்குகிறது. சேற்றில் பதிந்த காலடி ஆறு மணி நேரத்திற்குள் அழிந்துவிடும். நிலத்தினின்று ஈட்டிபோல் மேல்நோக்கி எழும் சுவாசவேர்களுக்கிடையே ஒலியெழாமல் நடப்பது மனிதனுக்கு அரிது; முழங்கால்வரை புதையும் சேற்றில் ஓடுவது அரிதினும் அரிது. யானைமீதேறிக் காட்டை வளைப்பது இயலாது. புலியோ நீரில் நீந்தி, நங்கூரமிட்ட படகிலிருந்தே ஆளைத் தூக்கிச் செல்கிறது. 17ஆம் நூற்றாண்டில் வங்கம் வந்த பிரெஞ்சுப் பயணி பெர்னியர், படகில் உறங்குவோரைப் புலி கொண்டுபோவதைப் பற்றி எழுதியுள்ளார். வேட்டைக்காரன் மறைந்திருந்து புலியைப் பார்க்கும் காட்சியே கார்பெட் கதைகளின் உயிர்நாடி. இங்கோ பார்வை புலியினுடையது, மனிதன் பார்க்கப்படுபவன்.

இறுதிக் கண்ணியாகிய காரணமும் இவ்வாறே நழுவுகிறது. இக்காட்டில் காயமுற்ற, முதிர்ந்த புலிகள் மட்டுமின்றி நல்ல உடல்நிலையில் உள்ள புலிகளும் மனிதரைத் தாக்குகின்றன என்பது நெடுநாளைய அவதானிப்பு. உப்புநீர் பருகுவதே காரணமாகலாம் என 1970களில் ஜெர்மானிய ஆய்வாளர் ஹென்ட்ரிக்ஸ் கருதினார், அக்கருத்து உறுதிப்படவில்லை. 1980களில் வனத்துறையினர் மனித உருவம்போல் பொம்மை செய்து மின்சாரம் பாய்ச்சிவைத்ததும், காடு செல்வோர் பிடரியில் முகமூடி அணியச் செய்ததும் ஈண்டு நினைக்கத்தக்கன. ‘இந்தப் புலி’ என்று ஒன்றைச் சுட்டித் தண்டிக்க இயலாதபோது, புலி இனத்தையே ஏமாற்றவும் பழக்கவும் வேண்டியதாயிற்று. குற்றவாளி இல்லாத இடத்தில் துப்பறியும் கதைக்கு இடமேது?

தமிழ் வாசகர் இதனைத் திணைநோக்கில் எளிதில் உணரக்கூடும். சங்கப் பாடல்களில் புலி குறிஞ்சிக்குரியது. கண்டலும் கழியும் நெய்தலுக்குரியன. ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வரின் வந்த நிலத்திற்கே உரியனவாம் என்று தொல்காப்பியம் இடம்தருகிறது. சுந்தரவனத்துப் புலி அவ்வாறு நெய்தலுக்கு வந்து நெய்தலுக்கே உரியதாகிவிட்ட புலி. மலைப்புலிக்கென அமைந்த கதைவடிவத்தை அதன்மீது ஏற்றும்போது நேரும் இடர்ப்பாட்டினை வேட்டைநூல்களிலேயே காணலாம்.

இதற்குத் தக்க சான்று பசாப்தி காஜியின் அனுபவங்களாக ஹுமாயூன் கான் எழுதிய ‘சுந்தர்பனேர் மானுஷ்கேகோ’ என்னும் வங்காள நூல். சாத்கீராப் பகுதியைச் சேர்ந்த காஜி (1924–1997) வழிவழியாக வேட்டைத்தொழில் செய்த குடும்பத்தவர்; வனத்துறையிலும் பணியாற்றியவர். அவர் சுட்ட புலிகள் 57 என்பது அவர் பெயரோடு வழங்கிவரும் கணக்கு. தால்பட்டி, துப்லார் சர் என இடப்பெயரால் புலியைச் சுட்டும் முறை கார்பெட் மரபினது. எழுதியவரின் கை அதில் தெரிகிறது. ஆயினும் சொன்னவரின் குரல் அவ்வடிவத்துக்குள் முழுமையாக அடங்கவில்லை என்றே தோன்றுகிறது. வெளியூரிலிருந்து மீட்பராக வந்து சேரும் துரையல்லர் காஜி. தேனெடுக்கும் மௌலேக்களும் மரம்வெட்டும் பாவாலிகளும் எந்தச் சேற்றில் இறங்குகிறார்களோ அதே சேற்றில் இறங்குபவர்; இரையாகக்கூடியவரும் வேட்டையாடுபவரும் ஒரே கூட்டத்தினர். பெண்புலியின் குரலைத் தாமே எழுப்பி ஆண்புலியை வரவழைக்கும் உத்தி அவருக்குரியதாகச் சொல்லப்படுகிறது. தடத்தைப் பின்தொடர இயலாதவிடத்துப் புலியைத் தம்மை நோக்கி வரச்செய்ய வேண்டும். அதாவது வேட்டைக்காரர் தம்மையே இரையாக வைக்க வேண்டும். இந்நூலை ‘வங்கத்துக் கார்பெட்’ என்ற அடைமொழியால் பாராட்டுவோர் இவ்வேறுபாட்டையே மறைத்துவிடுகின்றனர்.

வேட்டைநூல்களைவிட அக்காட்டின் இயல்புக்கு நெருங்கிய வடிவம் ‘பன்பீபி ஜஹூராநாமா’. 19ஆம் நூற்றாண்டில் பயானுத்தீன், முகம்மது காதிர் ஆகியோர் பெயர்களில் வழங்கிய இக்கதைப்பாடல், மொழியால் வங்காளம். பக்க ஒழுங்கால் அரபு நூல்போல் வலமிருந்து இடமாகப் புரள்வது. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே வணங்கும் வனதேவி பன்பீபி, காட்டை ஆண்ட புலிவடிவினனாகிய தக்‌ஷிண் ராயை அடக்குகிறாள்; கொல்வதில்லை. காட்டின் ஒரு பகுதி அவனுக்கே விடப்படுகிறது. துக்கே என்னும் ஏழைச் சிறுவனின் கதை அடுத்து வருகிறது. அவன் பெயரே துயரத்தைக் குறிப்பது. செல்வத்தைப் பெயரில் கொண்ட தோனா என்னும் உறவினன் ஏழு படகுகளுடன் தேனுக்கும் மெழுகுக்கும் அவனை அழைத்துச் செல்கிறான். படகுகள் நிறைய வேண்டுமாயின் சிறுவனைத் தருக என்று ராய் கேட்க, தோனா அவனைக் கரையில் விட்டுவிட்டுத் திரும்புகிறான். புலி பாயும் நேரத்தில் சிறுவன் அழைக்க, பன்பீபி வருகிறாள்.

இக்கதையில் குற்றம் யாருடையது? புலி கேட்டது, கொடுத்தவன் மனிதன். வேட்டைக்கதை புலியின் உடலில் காயத்தைத் தேடுகிறது; ஜஹூராநாமா படகின் கொள்ளளவைப் பார்க்கிறது. பேராசையின்றி, தேவைக்கு மட்டும் காட்டில் எடு என்பது இவ்வழிபாட்டின் விதி. எனினும் இதனைச் சூழலியல் அறநூலாக மட்டும் வாசிக்கும் இன்றைய போக்கு எனக்கு உடன்பாடன்று. தோனாவும் மன்னிக்கப்படுகிறான்; அவன் மகளையே துக்கே மணக்கிறான். ஏழையைக் காட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு குலையாமல் அப்படியே இருக்கிறது. ஆறுதல் தரும் வேலையைக் கார்பெட் தம் வழியில் செய்தார் எனில், இக்கதைப்பாடலும் தன் வழியில் அதனைச் செய்கிறது.

அமிதவ் கோஷ் 2004இல் வெளியிட்ட ‘தி ஹங்ரி டைட்’ நாவலும், 2021இல் ஜஹூராநாமாவைச் செய்யுளில் மறுபடைப்பாகத் தந்த ‘ஜங்கிள் நாமா’வும் இக்கதையை உலகறியச் செய்தன. நாவலில் கால்நடைக் கொட்டிலில் சிக்கிய புலியை ஊரார் எரிக்கும் காட்சி வேட்டை எழுத்தின் வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. அங்கே வேட்டைக்காரர் இல்லை, வீரம் இல்லை, ஒற்றைத் துப்பாக்கியின் அமைதி இல்லை. இருமனிதரை இழந்த ஊரின் சினமே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த ஆய்வாளர் பியா தடுக்க முயல்கிறாள். அவள் பெரிதும் மதிக்கும் மீனவன் ஃபோகிர் எரிப்போர் பக்கம் நிற்கிறான். இக்காட்சியை ஆசிரியர் எளிதில் தீர்த்துவைக்கவில்லை என்பது நாவலின் வலிமை. 1979ஆம் ஆண்டு மரிச்ஜாப்பியிலிருந்து அகதிகள் வெளியேற்றப்பட்ட நிகழ்வை நாவல் உடன்வைத்துப் பேசுவதும் பொருத்தமானதே. அந்நிகழ்வுக்குப் பின்னரே புலிகள் மனிதரைத் தம் உணவாகக் கருதலாயின என்று தீவு மக்கள் கூறுவதை மானிடவியலாளர் அன்னு ஜலாய்ஸ் பதிவுசெய்துள்ளார். காயம் எங்கே என்ற கார்பெட்டின் கேள்விக்கு அம்மக்கள் தரும் விடை அது.

இனி, இந்நூல்கள் எல்லாவற்றிலும் ஓரமாகவே நிற்பவர் பற்றி. தமிழகத்தில் புலியோடு பொருது மாண்டவனுக்குப் புலிகுத்திக்கல் எழுந்தது. கல்லில் உருவமும் சிலவிடத்துப் பெயரும் உண்டு. சுந்தரவனத்தில் ஆள் இறந்த கரையில் துணிக்கிழிசலொன்றைக் கொம்பில் கட்டிவிட்டுப் படகு திரும்புகிறது. பின்வருவோர்க்கு அது எச்சரிக்கை, நினைவுச்சின்னமன்று. உரிமச்சீட்டின்றித் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் சென்றவனாயின் சாவு பதிவாவதும் இழப்பீடு கிடைப்பதும் அரிது. ஆகவே வீட்டார் சிலர் வாய்திறப்பதில்லை. கணவன் காட்டிலிருக்கும் நாள்களில் மனைவி குங்குமமின்றி, தலைவாராமல், கைம்பெண் போலவே இருக்க வேண்டும் என்ற வழக்கமும் அங்கு உண்டு. அவன் திரும்பாவிடின் அதே கோலம் நிலைத்துவிடுகிறது.

அவளுக்கு வழங்கும் வசைச்சொல் மொழியாய்வாளர் கவனத்திற்குரியது. புலியை வங்காளத்தில் ‘மானுஷ்கேகோ’, மனிதரைத் தின்பது, என்பர். புலியால் கணவனை இழந்தவள் ‘ஸ்வாமிகேகோ’, கணவனைத் தின்றவள். காட்டுக்குள் புலியின் பெயரைச் சொல்லவும் அஞ்சி ‘மாமா’ என மரியாதையாகக் குறிப்பிடும் நாவே, கரையேறியபின் அப்புலியின் விகுதியை எடுத்து அவள்மீது சூட்டுகிறது. தமிழில் புலிக்கு ‘ஆட்கொல்லி’ என்போம். கொல்லுதலே அங்குக் குறிக்கப்படுகிறது, உண்ணுதல் இல்லை. ஆனால் ‘புருஷனைத் தின்றவள்’ என்ற வசை தமிழிலும் உண்டு. ஆகவே மேற்கூறிய நூல்களைத் தமிழாக்குவோர்க்கு ஒரு சிக்கல் எழும்: புலியை ஆட்கொல்லி என்றும் பெண்ணைத் தின்றவள் என்றும் வழக்கப்படி பெயர்த்தால், வங்காளத்தில் ஒரே சொல் இருவரையும் பிணித்திருந்தது என்ற செய்தி தமிழ் வாசகரைச் சென்றடையாது. நடை சற்று முரடாயினும் ‘ஆள்தின்னி’ என்று புலியைப் பெயர்ப்பதே அவ்விடத்தில் நேர்மையாகும்.