ப்ளூடூத் தொலைத்த திசை

ப்ளூடூத் மீது எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. வேகம் பற்றியோ பேட்டரி பற்றியோ இல்லை. கையடக்கக் கணினிக்குள் அது வந்தபோது நல்ல பழக்கம் ஒன்றை நம்மிடமிருந்து பிடுங்கிக்கொண்டது என்பதுதான்.

அந்தப் பழக்கம் என்னவென்று முதலில் சொல்லிடறேன். 1998ல் வந்த பாம் III கருவியில் சின்னதாக ஓர் அகச்சிவப்பு ஜன்னல் இருந்தது. அதை இன்னொருவரின் கருவிக்கு நேராக நீட்டி, முகவரிப் புத்தகப் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் உங்கள் விசிட்டிங் கார்டு அங்கே போய்விடும். வாங்கிக்கொள்ளவா என்று அவருடைய கருவி அவரைக் கேட்கும். அவ்ளோதான். யாருக்கு அனுப்புகிறோம் என்ற கேள்விக்கு, கை நீட்டிய திசையே பதில். சுமார் ஒரு மீட்டருக்குள், எதிரெதிரே இருந்தால்தான் வேலை செய்யும் என்பதால், மூன்றாவது ஆள் தவறுதலாக உள்ளே வருவது கடினம்.

2001ல் காம்பாக் ஐபேக் 3870, 2002ல் பாம் டங்ஸ்டன் டி என்று ப்ளூடூத்தை உள்ளேயே வைத்த கருவிகள் வரத் தொடங்கின. ப்ளூடூத் என்பது ரேடியோ. அதற்குத் திசை கிடையாது. பத்து மீட்டர் சுற்றளவில் யார் பையில் எந்தக் கருவி இருந்தாலும் அதற்குக் கேட்கும். அப்போ தொலைந்த திசைக்கு ஈடாக வேறு ஏதாவது வேண்டுமே? அதனால் முதலில் தேடல். அன்றைய தரத்தின்படி ஒரு முழுத் தேடலுக்கு 10.24 நொடி. அப்புறம் பெயர்ப் பட்டியல். அப்புறம் ரெண்டு பக்கமும் ஒரே ரகசிய எண். அதுவும் பல சாதனங்களில் 0000 தான், ஊருக்கே தெரிந்த ரகசியம்!

ஒரு கல்யாண மண்டபத்தில் சித்தப்பாவின் கருவிக்கு அக்கா மகள் ஜாதகத்தை அனுப்பப் பார்த்தேன். பட்டியலில் ஒரே மாடல் பெயர் ரெண்டு தடவை இருந்தது. யாரும் பெயரை மாற்றி வைப்பதில்லையே. ஒன்றைத் தொட்டேன். யாரோ ஒரு புண்ணியவான் "சரி" அழுத்தி வாங்கிக்கொண்டார். சித்தப்பாவோ கையை விரித்தார்: "எனக்கு ஒண்ணும் வரலையேப்பா."

நியாயமாகவும் பேச வேண்டும். எரிக்சன் 1994ல் இந்த வேலையைத் தொடங்கியது கேபிளை ஒழிப்பதற்காக. அந்த வேலையை ப்ளூடூத் நன்றாகவே செய்தது. செல்ஃபோன் வழியாகக் கையடக்கக் கணினியில் இணையம் பார்க்க அகச்சிவப்பை நம்பினால், ரெண்டையும் மேஜைமேல் நேருக்கு நேர் வைத்து ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொள்ளணும். ஓடும் ரயிலில் அது நடக்கிற காரியமா? ப்ளூடூத் இருந்தால் ஃபோன் பைக்குள்ளேயே கிடக்கலாம்.

என் விமர்சனம் இதுதான்: நம்முடைய ரெண்டு கருவிகளை ஒருமுறை இணைத்துவிட்டு மறந்துவிடுவது ஒரு வேலை. எதிரே நிற்கும் மனிதருக்கு ஒன்றைக் கொடுப்பது வேறு வேலை. முதலாவதற்குத் தேடலும் ரகசிய எண்ணும் பொருந்தும், ஒரு தடவைதானே. இரண்டாவதற்கும் அதே பட்டியலை நீட்டியதுதான் தப்பு. முகத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டியதை, பெயரைப் பார்த்துக் கொடுக்க வைத்தார்கள்.

இது வெறும் அசௌகரியத்தோடு நிற்கவில்லை. 2004ல் சிம்பியன் ஃபோன்களில் பரவிய கபீர் என்ற புழு இந்த ஓட்டையில்தான் புகுந்தது. அனுப்புவது யார் என்று தெரியாத ஒரு கேள்வி திரையில் வரும். வேண்டாம் என்றால் மறுபடியும் வரும். தொல்லை தாங்காமல் "சரி" அழுத்தினால் தீர்ந்தது கதை. அகச்சிவப்பில் கேள்வி வந்தால், எதிரே நீட்டிய கையைப் பார்த்துவிட்டு "சரி" சொல்லலாம். இங்கே பார்க்க யாரும் இல்லை. ஆள் தெரியாமல் கேட்கும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு?

2023ல் ஐஓஎஸ் 17ல் நேம்டிராப் வந்தது. ரெண்டு ஐஃபோன்களின் தலையை நெருக்கினால் தொடர்பு விவரம் பரிமாறப்படும். பெரிய புதுமை மாதிரி எல்லோரும் பேசினார்கள். 25 வருஷம் சுற்றி, பாம் III நின்ற அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம்.

அந்த ஜாதகம் யாரிடம் போச்சு என்பது மட்டும் இன்னிக்கும் தெரியாது.