மெல்லடியும் பல்குரலும்

வாத்தியம் எதுவுமின்றிப் பலர் கூடிப் பாடும் இசையைக் குறைபட்ட இசையாகக் கருதுவோர் உளர். அக்குறையைக் குரலினிமை ஈடுசெய்கின்றதெனப் பாராட்டுவோரும் உண்மையில் அதே கருத்தினரே. தென்னாபிரிக்கச் சூலு மக்களின் 'இசிகத்தமியா' பாடற்குழுக்களை அரங்கில் நேரே நோக்குமிடத்து இவ்விரு சாராரின் சுவைப்பும் போதாதென்பது புலனாகும்.

1913ஆம் ஆண்டின் நிலச்சட்டம் கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 சதவீதத்தையே ஒதுக்கியது. வாழ வழியற்ற ஆடவர் குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுச் சுரங்கங்களையும், டேர்பன், ஜொஹனெஸ்பேர்க் நகர்களின் தொழிற்சாலைகளையும் நாடினர். அவர்கள் தங்கிய விடுதிகளிலேயே சனி இரவு தொடங்கி ஞாயிறு விடியும்வரை பாடற்போட்டிகள் நடந்தன. மண்ணதிர மிதித்தாடிய கிராமத்து ஆட்டம் இங்கு நுனிக்காலாட்டமாயிற்று. காவலர் காதில் விழாதிருக்கவே அவ்வாறு ஆடினர் என்பர். பதுங்கி நடத்தலைக் குறிக்கும் சொல்லடியாகவே அவ்வடிவத்தின் பெயரும் பிறந்தது.

ஜோசப் ஷபலாலா தலைமையில் வளர்ந்த 'லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ' குழு இம்மரபின் சிறந்த பேறு. ஊர்ப்பெயர், கறுப்பெருது, கோடரி ஆகிய மூன்றும் சேர்ந்ததே அப்பெயர். எதிர்க்குழுக்களை வெட்டிவீழ்த்துவோம் என்னும் அறைகூவல் அதிலேயே உண்டு. ஒருவர் முன்பாட, ஏனையோர் விடையிறுப்பர். அவருட் பெரும்பாலோர் கீழ்க்குரலினர். தனிக்குரல் மேலே அலைய, கீழ்க்குரல்கள் நிலமென அதனைத் தாங்குகின்றன.

இவ்வளவையும் இசைத்தட்டிற் கேட்கலாம். ஆயின் கால்களைக் கேட்க முடியாது. பாடகர் ஒரேவேளையிற் காலைத் தலையளவு உயர்த்தி உதைக்கின்றனர். பேரோசை எழுமெனச் செவி எதிர்பார்க்கும் கணத்தில் அப்பாதங்கள் ஓசையின்றி நிலந்தொடுகின்றன. மேலைத்தேய அரங்குகளில் அவ்வுதை சிரிப்பையும் கைதட்டலையும் பெறுவதுண்டு. சிரிப்பிலே தவறில்லை, போட்டிக்கலையில் குறும்பும் ஒரு கூறுதான். எனினும் கைதட்டல் அம்மௌனத்தை மூடிவிடுகின்றது. அடக்கப்பட்ட அவ்வொலியே இக்கலையின் உயிர். வாத்தியம் இல்லாமையன்று, ஒலியை அடக்கும் உடலே இங்கு வாத்தியம்.

முற்காலப் போட்டிகளில் சூலு மொழி அறியாத வெள்ளையரொருவரை வீதியிலிருந்து அழைத்துவந்து நடுவராக்கும் வழக்கம் இருந்தது. எக்குழுவையும் சாராதவர் என்பதே காரணம். அந்நடுவர் குரலிணக்கத்தை அளக்கலாம். பாடலில் வரும் வீட்டையும் ஏக்கத்தையும் அறியார். 1986இல் போல் சைமனின் 'கிரேஸ்லாண்ட்' இசைத்தொகுப்பு வெளிவந்தபின் உலக அரங்குகளை நிறைத்த சுவைஞரும் பெரும்பாலும் அந்நடுவரின் நிலையினரே. அத்தொகுப்பிற் சைமனும் ஷபலாலாவும் சேர்ந்தாக்கிய 'ஹோம்லெஸ்', வாத்தியமின்றிப் பாடப்படுவது. வீடின்மையே அதன் பொருள். ஆங்கில வரிகள் வரும்போது அரங்கு அதனைப் புரிந்துகொள்கின்றது. சூலு வரிகளிலோ இனிமையை மட்டுமே கேட்கின்றது. விடுதியிற் சுற்றிநின்று கேட்ட தோழர்க்கு இப்பிரிவினை இருந்ததில்லை.

ஷபலாலா 2020இல் மறைந்தார். மைந்தர் சிலர் அக்குழுவிற் பாடுகின்றனர். அவர்கள் பாடும் அரங்கில் முன்வரிசையில் இடங்கிடைப்போர் ஒரு பாடலுக்கேனும் முகங்களை விட்டுப் பாதங்களை நோக்குதல் தகும்.