களனி முகத்துவாரத்துக்கு எந்த ரீல்? டைவா டட்டூலா 100உம் ஓர் ஏழடி ரொட்டும்

பேட்காஸ்டிங் ரீல் பற்றி வரும் விமர்சனங்களில் பெரும்பாலானவை அமெரிக்க ஏரியொன்றில் படகில் நின்று பாஸ் மீன் பிடிப்பவர்கள் எழுதியவை. காற்று எதிர்த்தால் படகைத் திருப்பிக்கொள்ளலாம். லூர், அதாவது போலி இரை, அடிக்கட்டையில் மாட்டினால் படகைக் கிட்டே விட்டுக் கழற்றலாம். தண்ணீரும் நன்னீர். கிராண்ட்பாஸில் இருந்து மட்டக்குளிப் பக்கம் பஸ் ஏறி, களனி ஆறு கடலில் விழும் இடத்துக்குத் தூண்டிலோடு போகிறவருக்கு இந்த வசதி ஒன்றும் கிடையாது. கருங்கல் அணையில் நின்று எறிய வேண்டும். தென்மேல் பருவக்காற்று மே தொடங்கி செப்டெம்பர் வரை கடலில் இருந்து நேரே முகத்தில் அடிக்கும். தண்ணீர் பாதி உப்பு. அதனால் இங்கே ரீல் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது கியர் விகிதமும் பெயரிங் எண்ணிக்கையும் அல்ல. எதிர்க்காற்றில் இதன் பிரேக் என்ன செய்யும், உப்பை எவ்வளவு தாங்கும், இரண்டையும்தான் கேட்க வேண்டும். டைவா டட்டூலா 100ஐயும் அதற்குத் துணையாக ஓர் ஏழடி ரொட்டையும் இந்தக் கரையில் பாவித்துப் பார்த்தது இதற்காகத்தான்.

லார்ஜ்மவுத் பாஸ் நம்முடைய ஆறுகளில் இல்லை. அந்த இடத்தில் நமக்கு இருப்பது கொடுவா, சிங்களவர் மோதா என்பார்கள். பாலத்தூண், கல் இடுக்கு, கால்வாய் வாய் என்று ஏதாவதொரு மறைவில் அசையாமல் நின்று, கடந்து போகும் சிறுமீனை வாயை ‘டப்’ என்று திறந்து உறிஞ்சும் மீன் அது. ஹமில்டன் கால்வாய் களனியோடு சேரும் பக்கம் அப்படியான இடம். 1802இல் ஆங்கிலேயர் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்த கால்வாய் அது. கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனாலும் நீர் திரும்பும் அந்தக் கொஞ்ச நேரத்தில் கொடுவாவின் நடத்தையே மாறிவிடும். தூண்டிலில் பட்டதும் அது செய்யும் முதல் வேலை கல்லுக்குள் ஓடுவது. அடுத்தது தண்ணீருக்கு மேலே பாய்ந்து தலையை உதறுவது. முதல் சில விநாடிகளில் அதன் தலையைத் திருப்பாவிட்டால் மீனும் போய்விடும், லூரும் போய்விடும்.

பேட்காஸ்டரின் பெறுமதி தெரிவது இந்தச் சில விநாடிகளில்தான். ஸ்பின்னிங் ரீலில் அசையாமல் நிற்கும் ஸ்பூலில் இருந்து நூல் சுருள் சுருளாகக் கழன்று போகும். பேட்காஸ்டரில் ஸ்பூலே சுழன்று நூலை நேரே விடும், நேரே இழுக்கும். தடித்த நூல் முறுக்கேறாது. பெருவிரல் எப்போதும் ஸ்பூலின் மேலே இருப்பதால் லூர் விழும் இடத்தைக் கையாலேயே தீர்மானிக்கலாம். மீன் ஓடினால் அதே விரலை வைத்து அழுத்தினால் போதும். ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 8 கிராமுக்குக் குறைந்த லூர் எறிகிறவருக்கும், உயிர் இறாலைக் கொழுவி எறிந்துவிட்டுக் காத்திருக்கிறவருக்கும் இந்த ரீல் தேவையில்லை. அவர்கள் நல்ல ஸ்பின்னிங் ரீலோடு நிற்கட்டும், காசு மிஞ்சும்.

டட்டூலா 100 ஏறத்தாழ 195 கிராம். உள்ளங்கைக்குள் அடங்கும் அலுமினியச் சட்டகம். காலையில் ஆரம்பித்து வெயில் ஏறும் வரை எறிந்தாலும் மணிக்கட்டு நோகாது. சுவீடனின் அபு நிறுவனம் 1952இல் வெளியிட்ட அம்பாசடர் 5000 வழிவந்த உருண்டை ரீல்களைப் பிடித்துப் பழகிய கைக்கு இந்த வித்தியாசம் உடனே புரியும். உருண்டை ரீலின் உறுதிக்கு நான் இன்றும் தலைவணங்குவேன். படகில் இருந்து பெரிய மீனுக்கு இழுக்கிறவர் அதையே வைத்திருக்கலாம். கல்லுக்குக் கல் தாவி நாள் முழுக்க லூர் எறிகிறவருக்குப் பாரம் குறைந்தது வேண்டும்.

இனிப் பிரேக். எறிந்த லூர் காற்றில் வேகம் குறையும்போது ஸ்பூல் அதே வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தால், வெளியே போக இடமில்லாத நூல் ரீலுக்குள்ளேயே மேலெழுந்து சிக்குப்படும். புதிதாக வாங்கியவர்கள் பேட்காஸ்டரை விட்டு ஓடுவதற்கு இந்தச் சிக்குத்தான் காரணம். எதிர்க்காற்றில் இது இரட்டிப்பாகும், ஏனெனில் லூர் நடுவழியிலேயே தள்ளப்பட்டு நின்றுவிடுகிறது. டட்டூலாவில் இருப்பது காந்தப் பிரேக், டைவா அதை மேக்ஃபோர்ஸ்-இசட் என்கிறது. ஸ்பூலின் பக்கத்தில் உள்ள சிறிய உலோக வளையம், சுழற்சி வேகம் கூடும்போது வெளியே நகர்ந்து காந்தங்களுக்கு நடுவே போகிறது. அங்கே உண்டாகும் சுழிமின்னோட்டம் ஸ்பூலைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். வேகம் குறைந்ததும் வளையம் பின்வாங்கி ஸ்பூலை விட்டுவிடும். எறிதலின் தொடக்கத்தில் இறுக்கம், முடிவில் தளர்வு. இதன் அளவை வெளியிலேயே ஒரு டயலால் 0 முதல் 20 வரை மாற்றலாம்.

கரையில் இந்த டயலின் அருமை சொல்லி முடியாது. விடியற்காலை தரைக்காற்று முதுகில் இருக்கும்போது 8இல் வைத்தால் 14 கிராம் லூர் நீளமாகப் போகும். ஒன்பது மணிக்குமேல் கடற்காற்று எழும்பியதும், நனைந்த விரலாலேயே டயலை 14, 15க்குத் திருப்பிவிட்டு அடுத்த எறிதலை எறியலாம். பக்கமூடியைத் திறந்து உள்ளே உள்ள சின்னக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி மாற்றும் பழைய மையவிலக்குப் பிரேக்குகளும் நல்லவையே. ஆனால் மணலும் உப்புத்தெறியும் பறக்கும் இடத்தில் ரீலைத் திறப்பது நல்லதல்ல.

தூரம் குறைகிறதே என்று பலர் கவலைப்படுவார்கள். காற்று எதிர்க்கும்போது உயர எறியாமல், ரொட்டைப் பக்கவாட்டில் வீசி லூரைத் தண்ணீருக்குக் கிட்டே பறக்க விட வேண்டும். கொடுவா நிற்பது பெரும்பாலும் அணைக் கல்லின் ஓரத்தில், நாம் நிற்கும் இடத்தில் இருந்து பத்து, பதினைந்து மீற்றருக்குள். ஆற்றின் நடுவுக்கு எறிகிறவர்கள் மீனைத் தாண்டி எறிகிறார்கள்.

நூல் வெளியேறும் வாயையும் கவனிக்க வேண்டும். வழக்கமான ரீல்களில் அது ஊசித்துளை போன்ற சிறு துவாரம். டட்டூலாவில் T வடிவம். பெருவிரலால் பொத்தானை அழுத்தியதும் அந்த T முன்னோக்கிச் சாய்ந்து மேலே அகலமான இடைவெளி திறக்கிறது, நூல் உரசாமல் பாயும். கைப்பிடியை அரைச்சுற்றுச் சுற்றினால் ‘கிளிக்’ என்று நிமிர்ந்து, நூல் தானாகவே கீழே உள்ள ஒடுங்கிய பள்ளத்துக்குள் இறங்கிவிடும். நூல் முனையில் கட்டும் லீடரின் முடிச்சு இதற்குள்ளால் தட்டுப்படாமல் போகிறது. தடித்த லீடர் கட்டும் நமக்கு இது பெரிய உதவி. குறை என்றால் இந்தப் பாகத்தின் கீழேதான். நூலைப் பரப்பிச் சுற்றும் திருகுத்தண்டு அங்கே திறந்தே கிடக்கிறது. மணல் முதலில் சேர்வது அந்த இடத்தில்.

கியர் விகிதம் 6.3, 7.1, 8.1 என மூன்று வகை. கரைக்கு 7.1. கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர் நூலை இழுக்கும். நீரோட்டம் லூரை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும்போது தொய்வை உடனே எடுக்க அந்த வேகம் வேண்டும், பெரிய மீனைத் தூக்கும் பலமும் மிஞ்ச வேண்டும். ட்ராக், அதாவது மீன் இழுக்கும்போது நூலை விடும் இறுக்கம், 5 கிலோ அளவு. கேட்பதற்குக் குறைவாகத் தோன்றலாம். அந்த இழுவையை ஒரு தராசில் கட்டி இழுத்துப் பாருங்கள், அதற்குமேல் உங்களுக்கே தேவைப்படாது. ஸ்பின்னிங் ரீல் போலக் கைப்பிடியை மறுபக்கம் மாற்ற முடியாது என்பதை மறக்க வேண்டாம். இடக்கை ரீலா, வலக்கை ரீலா என்பதைக் கடையிலேயே முடிவு செய்ய வேண்டும்.

ஷிமானோவின் எஸ்.எல்.எக்ஸ் டிசி இதன் நேர்ப்போட்டி. அதில் பிரேக்கை ஒரு சிறு மின்னணுச் சில்லு நடத்துகிறது. மின்கலம் கிடையாது, ஸ்பூலின் சுழற்சியே அதற்கு மின்சாரம். நாலே நிலைகள் என்பதால் புதியவருக்கு அது இலகு, விலை கூட. உப்புக்கரையில் நான் எளிய பொறியையே விரும்புவேன்.

விலையை நினைத்தால் நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். 2022 மார்ச்சுக்கு முன் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் நின்றது, மே மாதம் 360ஐத் தொட்டது. 150 டொலர் அளவுள்ள ரீல் 30,000 ரூபாயில் இருந்து 50,000க்கு மேலே போன கதை அது. இப்போதும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. அதனால் காசு மட்டாக உள்ளவர்களுக்கு என் சொல் இது: ரீலில் ஒரு படி இறங்குங்கள், ரொட்டிலும் நூலிலும் இறங்க வேண்டாம். மீனின் தலையைக் கல்லில் இருந்து திருப்புவது ரொட்.

ரொட் ஏழடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட். அதாவது நுனியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளைந்து மீதி விறைப்பாக நிற்பது. லூர் பாரம் 7 முதல் 28 கிராம் என்று தடியில் எழுதியிருக்க வேண்டும். படகுக்காரர்கள் ஆறரை அடி விரும்புவார்கள். நாம் நிற்கும் கல்லுக்கும் தண்ணீருக்கும் இடையில் உள்ள பள்ளத்தைத் தாண்டி நூலை உயர்த்திப் பிடிக்க ஏழடி வேண்டும், ஏழரை என்றாலும் குற்றமில்லை. பின்பிடி நீளமாக இருந்தால் இரு கையாலும் வீசலாம். ஒரே துண்டு ரொட்தான் சிறந்தது என்று படித்திருப்பீர்கள். ஆமர் வீதிச் சந்தியில் நெரிசல் நேரத்து பஸ்ஸில் ஏழடித் தடியோடு ஏறிப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். இரண்டு துண்டு வாங்குங்கள், ஓட்டோவிலும் வைக்கலாம். கடையில் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சிறு பஞ்சை விட்டு இழுத்துப் பாருங்கள். பஞ்சு பிடிபட்டால் அந்த வளையத்தில் வெடிப்பு உண்டு, அது உங்கள் நூலை அறுக்கும்.

நூல் பிஇ 2 பிரெய்ட், 30 இறாத்தல் தாங்குவது. முதலில் ஸ்பூலில் சில சுற்று சாதாரணத் தங்கூசி சுற்றி, அதன்மேல் பிரெய்டைக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பிரெய்ட் முழுவதும் ஸ்பூலில் வழுக்கிச் சுழலும். முனையில் ஒரு மீற்றர், 40 இறாத்தல் லீடர் கட்டாயம். கொடுவாவின் செவுள்மூடி ஓரம் சவர அலகு போலக் கூர்மையானது, மீனைத் தூக்கும்போது உங்கள் விரலுக்கும் அதே ஆபத்து. மழைக்குப் பிறகு ஆகாயத்தாமரையும் பொலித்தீனும் மிதந்து வரும் நாட்களில் மும்முனைத் தூண்டில் லூரைப் பையில் வைத்துவிட்டு, முனை மறைந்த இறப்பர் மீனைக் கட்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ட்ராக்கை இறுக்கி, குழாய்த் தண்ணீரை மெதுவாக ரீலின்மேல் விட்டுக் கழுவ வேண்டும். வேகமாகப் பீச்சினால் உப்பு உள்ளேதான் போகும். துடைத்து, ட்ராக்கைத் தளர்த்தி, நிழலில் காய விட்டு, திருகுத்தண்டிலும் ஸ்பூல் பெயரிங்கிலும் ஒரு துளி எண்ணெய். இதைச் செய்ய மனமில்லாதவர் இந்த ரீலை வாங்க வேண்டாம்.

கொடுவா ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகே பெண்ணாக மாறும் மீன். களனியில் ஒரு மீற்றர் நீளக் கொடுவா கிடைத்தால் அது முட்டையிடும் பெண்தான். சாப்பிட நடுத்தர மீன் ஒன்று போதும், பெரியதைத் தண்ணீருக்குள்ளேயே கழற்றி விட்டுவிடுங்கள். வீச்சு வலைக்காரர் அந்த இடத்தில் நின்றால் அவருக்கு முதலிடம் கொடுங்கள், அது அவர் பிழைப்பு.

10 கிராமுக்கு மேற்பட்ட லூரைக் கரையில் இருந்து கல்லோரத்துக்கு எறிகிறவருக்கு டட்டூலா 100, 7.1 கியர், இரண்டு துண்டு ஏழடி மீடியம் ஹெவி ரொட். களனிக்கு இதைவிடப் பொருத்தமான சோடி இந்த விலைக்குள் நான் பாவித்ததில்லை. வாங்குகிறவர்கள் மாரிக்குப் பிந்திய மாதங்களில், காற்று அடங்கிய காலையில் எறிந்து பழகத் தொடங்குங்கள், மே மாதத்துக்குள் பெருவிரல் தயாராகிவிடும்.