ரிச்சர்ட்சனின் ஒன்பதாம் அத்தியாயம்

லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் அந்த 64,000 பேர் கதைக்குத்தான் போவார்கள். சுவரெல்லாம் உலகப்படம் வரைந்த ஒரு பெரிய அரங்கு, அதில் உட்கார்ந்து வானிலையைக் கையால் கணக்குப் போடும் மனிதர்கள். சூப்பர் கம்ப்யூட்டரை 1922-லேயே கனவு கண்டுவிட்டார், பார்த்தீங்களா என்று முடிப்பார்கள். கனவு அழகுதான். ஆனால் எண்களால் வானிலையைக் கணிப்பது பற்றிய அவருடைய புத்தகத்தின் உயிர் அங்கே இல்லை. அது ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. அதாவது, அவர் படுதோல்வி அடைந்த அத்தியாயத்தில்.

ரிச்சர்ட்சன் 1881-ல் நியூகாசிலில் பிறந்தவர், குவேக்கர். போரில் துப்பாக்கி தூக்க மாட்டார். ஆனால் 1916-ல் பிரான்சுக்குப் போய் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஓய்வு நேரத்தில், குளிரில், வைக்கோல் குவியலை மேசையாக்கி ஒரு கணக்குப் போட்டார். 1910 மே 20 காலை ஐரோப்பாவில் எடுத்த அளவீடுகளை வைத்து, அடுத்த சில மணி நேரத்தில் மியூனிக் பக்கம் காற்றழுத்தம் எப்படி மாறியிருக்க வேண்டும்? படிவங்களைத் தயார் பண்ணி முதல் தடவை கணக்கை முடிக்கவே கிட்டத்தட்ட ஆறு வாரம். 1917-ல் சண்டைக்கு நடுவே கையெழுத்துப் பிரதி காணாமல் போய், சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது.

விடை: ஆறு மணி நேரத்தில் 145 மில்லிபார் உயர்வு. கொடும்புயலின் மையத்தில்கூட அழுத்தம் இயல்பிலிருந்து 100 மில்லிபார் இறங்குவது அபூர்வம். அன்றைக்கு நிஜத்தில் அழுத்தம் அசையவே இல்லை எனலாம்.

ஏன் இப்படி? ஓர் இடத்துக்குள் வரும் காற்றும் வெளியேறும் காற்றும் பெரிய எண்கள். அவற்றின் சின்ன வித்தியாசம்தான் அழுத்த மாற்றம். லாரியை எடைமேடையில் ஏற்றி, டிரைவர் பாக்கெட்டில் உள்ள எலுமிச்சம்பழத்தின் எடையைக் கண்டுபிடிக்கிற மாதிரி. காற்றின் அளவீட்டில் துளி பிசகினாலும் விடை எங்கேயோ போய்விடும். போதாததற்கு, அந்தப் பிசகு எழுப்பும் கணநேர அலையின் வேகத்தை ஆறு மணி நேரத்துக்கு அப்படியே நீட்டிவிட்டார். குளத்தில் கல் விழுந்த நொடியில் தண்ணீர் எழும்பும் வேகத்தை வைத்து, சாயங்காலத்துக்குள் குளம் எவ்வளவு உயரும்னு கேட்பது போல.

ஆரம்பக் காற்று அளவீடுகளில்தான் கோளாறு என்றார் ரிச்சர்ட்சன். பாதி சரி. என் குறை வேறு. அடுத்த அத்தியாயத்திலேயே ஆரம்ப அளவீடுகளை மென்மையாக்கும் வழிகளைப் பேசுகிறார். மருந்தை எழுதிக் கொடுத்தவர், பக்கத்திலேயே படுத்திருந்த நோயாளிக்கு அதைக் கொடுத்துப் பார்க்கவில்லை. புத்தகத்தின் பெரிய ஓட்டை இதுதான். ஆறு வாரக் கணக்கை மறுபடி போடு என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பதும் உண்மை.

இதில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஆராய்ச்சி தொடங்கிய புதிதில், ஒரு கம்பியில் வெப்பம் பரவுவதை நிரலாக எழுதினேன். சூடாக்கச் சூடாக்க வெப்பநிலை மைனஸில் போனது. கால இடைவெளியைக் கொஞ்சம் மாற்றினேன், ஆரம்ப எண்களைத் தட்டினேன், வரைபடம் அழகாக வந்ததும் பழையதை அழித்துவிட்டேன். அறிக்கையில் ஒரு வரிகூட எழுதவில்லை. எது தப்பு, எது சரியானது என்று இன்று யார் கேட்டாலும், ஏன் நானே கேட்டாலும், பதில் கிடையாது.

ரிச்சர்ட்சன் அழிக்கவில்லை. அபத்தமான அந்த 145-ஐ, அதற்கு இட்டுச் சென்ற அட்டவணைகளோடு அச்சில் ஏற்றினார். அதனால்தான் பல பத்தாண்டுகள் கழித்து பீட்டர் லிஞ்ச் அதே அளவீடுகளை எடுத்து, மென்மையாக்கி, கணக்கை மறுபடி போட முடிந்தது. மாற்றம் ஒரு மில்லிபாருக்கும் குறைவாக வந்தது. சமன்பாடுகளில் பழுதில்லை என்று அப்போது கண்கூடாகத் தெரிந்தது.

64,000 பேர் கனவைப் படித்தால் அவர்மேல் பிரமிப்பு வரும். ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்தால் கொஞ்சம் வெட்கம் வரும். எனக்கு வந்தது. இப்போதெல்லாம் தப்பாக வந்த ஓட்டங்களுக்கென்று தனி ஃபோல்டர் வைத்திருக்கிறேன். அழிப்பதில்லை.