பொத்தான் வியாபாரியிடம், மூட்டை நம்மிடம்

ஆன்லைன் ஏலத்தில் பொருளை விற்று நாலு காசு பார்க்கலாம் என்ற ஆசை நம் நாட்டில் ஒருமுறை வந்து போய்விட்டது. பாஜி.காம் தளத்தை 2004-இல் ஈபே வாங்கியது. ஈபே.இன் 2018 ஆகஸ்டில் கடையை மூடியது. தேனி மாவட்டத்தில் கதை வேறு. போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டு நடத்தும் ஏலக்காய் மின் ஏலம் 2007 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. மலைக்கு அந்தப்பக்கம், இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் இதே ஏற்பாடுதான். கம்பத்தில் கடையோ, தேனியில் வாத்தியார் வேலையோ பார்த்துக்கொண்டு, மேலே வண்டன்மேடு, பூப்பாறைப் பக்கம் ஓர் ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். சம்பளத்துக்கு மேல் வரும் அந்த வருமானத்துக்கு இந்தக் கருவி எவ்வளவு உதவுகிறது? விற்கிறவன் பக்கம் நின்று பார்த்தேன்.

முதலில் தெரியவேண்டியது, விற்கிறவனுக்கு இதில் பொத்தானே கிடையாது. தோட்டத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். காயை உரிமம் பெற்ற ஏல நிறுவனம் ஒன்றிடம் கொண்டுபோய்ப் பதிய வேண்டும். எடை போட்டு, மாதிரி எடுத்து, லாட் எண் கொடுப்பார்கள். அதோடு நம் வேலை முடிந்தது. அரங்கில் கணினிக்கு முன்னால் உட்காருவது வியாபாரிகள் மட்டும்.

அந்த அரங்கை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். லாட் மாறும்போதெல்லாம் மாதிரிக் காய் மேசைக்கு வருகிறது. வியாபாரி கொஞ்சம் அள்ளி உள்ளங்கையில் உருட்டுகிறார். பச்சை எவ்வளவு நின்றிருக்கிறது என்று பார்க்கிறார். ஒரு காயை நகத்தால் பிளந்து, உள்ளே அரிசி கறுத்திருக்கிறதா என்று கவனிக்கிறார். பார்த்த காய் பாதி தரையில்தான் விழுகிறது. கிலோ ஆயிரக்கணக்கில் போகும் சரக்கை மிதித்துக்கொண்டு நடக்கிறார்கள். வளர்த்தவனுக்கு வயிறு எரியும். கண் திரையில், விரல் விசையில். பழைய வாய் ஏலத்தின் சத்தம் இல்லை. யார் எவ்வளவு ஏற்றினார்கள் என்று கணக்கு நிற்கிறது. முகம் பார்த்து விட்டுக்கொடுப்பது முன்பு போல எளிதில்லை. இது கருவியின் நல்ல பக்கம்.

இன்னொரு நல்ல பக்கம் கொரோனாவுக்குப் பின் வந்தது. 2020-இல் மாநில எல்லை அடைபட்டபோது போடி வியாபாரி புற்றடிக்குப் போக முடியவில்லை. 2021-இல் ஏலத்தை கிளவுடுக்கு மாற்றி இரு மையங்களையும் இணைத்தார்கள். போடியில் உட்கார்ந்தபடியே புற்றடி லாட்டுக்கு விலை கேட்கலாம். கேட்கும் கை கூடினால் விற்கிறவனுக்கு லாபம்தானே.

நம் கையில் இருப்பது செல்போனில் தெரியும் விலைப் பட்டியல். ஸ்பைசஸ் போர்டின் தளத்தில் ஏல நிறுவனத்தின் பெயர், லாட் எண்ணிக்கை, வந்த சரக்கு, விற்ற சரக்கு, அதிகபட்ச விலை, சராசரி விலை எல்லாம் காசில்லாமல் கிடைக்கின்றன. தளத்தின் தோற்றத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் கை கூசும். ஆனால் உள்ளே இருக்கும் எண்கள் உருப்படியானவை. என் குறை ஒன்றுதான்: குறைந்தபட்ச விலைக்குக் கட்டம் இல்லை. செய்தியில் வருவதும் டீக்கடையில் பேசுவதும் அதிகபட்ச விலையைத்தான். 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனதே, அது அன்றைய உச்ச விலை. அன்று விற்ற எல்லாருக்கும் கிடைத்ததல்ல. அதை நம்பி அடுத்த ஆண்டுகளில் குத்தகைக்குத் தோட்டம் பிடித்தவர்கள் விலை சரிந்தபோது பட்ட பாடு ஊருக்கே தெரியும். எனவே சராசரியைப் பாருங்கள். அதோடு வந்த சரக்கையும் விற்ற சரக்கையும் கழித்துப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால், விலை கட்டுப்படியாகாமல் பலர் லாட்டைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

சராசரிக்கு மேலே போவதும் கீழே போவதும் கணினியில் முடிவாவதில்லை. நாலரை, ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால்தான் ஒரு கிலோ தேறும். காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடு கூடினால் பச்சை வெளுக்கும், காய் வெடிக்கும். அடுத்து, காயை அளவு வாரியாகப் பிரிக்கும் சல்லடை. போடியில் காய் தரம் பிரிக்கும் இடத்தில் இருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: “தம்பி, எட்டு மில்லியைத் தனியா எடுத்துப் போடுங்க. பல்க்கா போட்டா பல்க் விலைதான் கேப்பாங்க.” ஆனால் சரக்கு ஒரு மூட்டைதான் என்றால் பிரிப்புக் கூலி, கழிவு எல்லாம் போக மிச்சம் நிற்குமா என்று கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். எட்டு மில்லிமீட்டர் காயை எடுத்துவிட்டால் மீதிக் காயின் விலை இறங்கும் என்பதையும் அதில் சேர்க்க வேண்டும்.

விவசாயிகள் வெகுநாளாகச் சொல்லும் புகார் ரீபூலிங். ஏலத்தில் எடுத்த காயையே வியாபாரிகள் மறுபடி லாட்டாகப் பதிந்து உள்ளே விடுகிறார்கள் என்பது. அப்படி வந்தால் வரத்து கூடியதாகத் திரையில் தெரியும், விலை அமுங்கும். தோட்டத்திலிருந்து முதன்முறை வரும் காய் எது, சுற்றி வரும் காய் எது என்று பட்டியலில் பிரித்துக் காட்டினால் பாதி சந்தேகம் தீரும். எந்தப் புது வசதியையும்விட நான் முதலில் கேட்பது இதைத்தான்.

காத்திருக்க முடிந்தவருக்கு, பதிவுள்ள தோட்டமும் இரண்டு மூன்று மூட்டைக் காயும் இருந்தால், இந்த ஏலம் தாராளமாக ஏற்றது. பணம் அன்றே கைக்கு வராது. கமிஷன் போக, வியாபாரி ஏல நிறுவனத்தில் கட்டிய பிறகுதான் வரும். பள்ளிக் கட்டணத்துக்கு நாளை காலை பணம் வேண்டும் என்பவர் போடி கடைவீதியில் காயைக் கொடுத்துவிட்டு ரொக்கமாக வாங்கிப் போகிறார். விலையில் கொஞ்சம் இழந்தாலும் அவர் கணக்கு அவருக்குச் சரி. வீட்டில் ஐந்தாறு கிலோதான் இருக்கிறது என்றால் இரண்டுமே வேண்டாம். நூறு கிராம் பொட்டலம் போட்டு, உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து, வாட்ஸ்அப்பில் சென்னைச் சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள். ஏல விலையைவிட அங்கே கூடக் கிடைக்கும்; கூரியர் செலவை மட்டும் மறக்காமல் அவர்கள் தலையில் கட்டிவிடுங்கள்.