வே புரோட்டீன் டப்பாவின் பின்பக்கம்

டப்பாவின் முன்பக்கத்தில் ஒரு பச்சை இலை. அதன் கீழே, இயற்கை இனிப்பு சேர்த்தது என்ற வரி. வெனிலா சுவை, 1 கிலோ, நியூசிலாந்துப் பாலில் செய்த வே புரோட்டீன் ஐசோலேட். சுங்கைப் பட்டாணியில் வாங்கினேன். விலை இருநூறு வெள்ளியைத் தாண்டியது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஸ்டீவியா, லோ ஹான் குவோ ஆகிய இயற்கை இனிப்புகளில் ஒன்றைச் சேர்த்து விற்கும் ஐசோலேட்டுகள் பெரும்பாலும் ஒரே வகைதான். ஒன்றின் பின்பக்கத்தைப் படிக்கத் தெரிந்தால் மற்றவற்றையும் எடைபோட்டுவிடலாம்.

பாலைத் திரித்துச் சீஸ் எடுத்த பிறகு மிஞ்சும் தெளிநீர்தான் வே. பால் புரதத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு கேசீன். அது சீஸோடு போய்விடும். மீதி 20 விழுக்காடு இந்த நீரில் தங்கும். முன்பு சீஸ் ஆலைகள் இதைப் பன்றிகளுக்கு ஊற்றின, வயலிலும் ஆற்றிலும் கொட்டின. நுண்துளைச் சவ்வுகளில் வடிகட்டும் முறை வந்த பிறகுதான் இந்தக் கழிவு காசானது. 80 விழுக்காடு வரை புரதம் இருந்தால் கான்சன்ட்ரேட். லாக்டோஸையும் கொழுப்பையும் மேலும் நீக்கி, உலர்ந்த நிலையில் 90 விழுக்காட்டை எட்டினால் ஐசோலேட். பால் குடித்தால் வயிறு உப்பிக் கடமுட என்று ஓடுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். நல்ல ஐசோலேட்டில் ஒரு வேளைக்கு 1 கிராம் லாக்டோஸ்கூட இருக்காது. கான்சன்ட்ரேட் ஒத்துக்கொள்ளாத என் வயிறு இதைச் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது.

இனி பின்பக்கம். 30 கிராம் மாவில் 25 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறது. வகுத்துப் பார்த்தால் 83 விழுக்காடு. சுவையூட்டி, லெசித்தின், இனிப்பு எல்லாம் சேர்ந்த பிறகு ஓர் ஐசோலேட்டுக்கு இது நேர்மையான கணக்கு. இதே 30 கிராமில் 20 கிராம்தான் புரதம் என்றால், எடுப்பாக ‘ஐசோலேட்’ என்று எழுதியிருந்தாலும் உள்ளே கான்சன்ட்ரேட் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அடுத்து மூலப்பொருள் பட்டியல். கிளைசீன், டோரின் என்ற பெயர்கள் தனியாகத் தெரிந்தால் யோசியுங்கள். ஆய்வகங்கள் பெரும்பாலும் நைட்ரஜனை அளந்து, பால் பொருள் என்றால் 6.38 ஆல் பெருக்கிப் புரத அளவைச் சொல்கின்றன. மலிவான அமினோ அமிலத்தைக் கொட்டினாலும் நைட்ரஜன் கூடும், காகிதத்தில் புரதமும் கூடும். 2008இல் சீனாவில் குழந்தைப் பால்மாவில் மெலமின் கலந்தவர்கள் ஏமாற்றியதும் இதே அளவீட்டைத்தான். அமினோ அமில அட்டவணை தந்திருந்தால் லியூசினைப் பாருங்கள். 25 கிராம் வே புரதத்தில் அது இரண்டரை கிராமுக்குக் குறையக்கூடாது. இணையச் சந்தையில் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் மலேசிய உணவு விதிமுறைகள்படி, இறக்குமதிப் பொருளின் மேல் உள்நாட்டு இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். அது இல்லாத டப்பா எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம்.

ஷேக்கரில் முதலில் 250 மில்லி குளிர்ந்த நீர், பிறகு ஒரு ஸ்கூப் மாவு. மாற்றிப் போட்டால் அடியில் பசையாக ஒட்டிக்கொள்ளும். கலங்கிய நீர்போல் லேசாகத்தான் இருக்கிறது, பாலின் தடிப்பு இல்லை. நுரை மட்டும் நிறைய. அது அடங்கும்வரை காத்திருப்பது நல்லது. கொதிக்கும் ஓட்ஸ் கஞ்சியில் நேராகக் கொட்டினால் திரிதிரியாகக் கட்டிக்கொள்கிறது. 70 பாகைச் சூட்டுக்கு மேல் வே புரதம் உருக்குலையும். சத்து குறைந்துவிடாது, வாய்க்குத்தான் சரிப்படாது. கஞ்சியை இறக்கி ஆறவிட்டு, தனியாக நீரில் கரைத்த மாவை ஊற்றிக் கிளறினால் பிரச்சினை இல்லை. நம் ஊர் ஈரக்காற்றுக்கு மூடியைத் திறந்து போட்டால் மாவு கட்டிதட்டிவிடும். ஈர ஸ்கூப்பை உள்ளே போடவே கூடாது.

சுவைதான் இந்தப் பொருளின் சோதனை. முதலில் வெனிலா, கொஞ்சம் தாமதித்து இனிப்பு. விழுங்கிய பிறகும் அடிநாக்கில் அதிமதுரம் சப்பிய சுவை விடாமல் நிற்கிறது. ஸ்டீவியாவின் குணம் அது. அதன் இனிப்பு மூலக்கூறுகள் நாக்கின் இனிப்பு உணர்விகளோடு கசப்பு உணர்விகளையும் தொடுகின்றன. ரெப்-ஏ என்ற வகையில் கசப்பு கூடுதல். ரெப்-எம் சுத்தமான இனிப்பு, ஆனால் இலையில் மிகக் குறைவாகவே இருப்பதால் விலை ஏறும். என் டப்பாவில் வெறுமனே ‘ஸ்டீவியோல் கிளைகோசைட்’ என்று மட்டும் இருக்கிறது. வாயில் படுவதை வைத்துச் சொன்னால், மலிவான வகையே கூடுதலாக இருக்க வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் கசப்பு பாதி அடங்குகிறது. கோப்பி-ஓவை ஆறவைத்து அதில் கலந்தால் கோப்பியின் கசப்பிலேயே இது மறைந்துவிடுகிறது. நான் குடித்துப் பார்த்தவற்றில் எனக்குப் பிடித்தது அதுதான்.

லோ ஹான் குவோ இனிப்பு சேர்த்தவை இதைவிட மென்மை. அந்தப் பழம் நமக்குப் புதிதல்ல. சீன மருந்துக் கடைகளில் காய்ந்த உருண்டையாக விற்பதை, உடம்புச் சூடு தணியக் கொதிக்கவைத்துக் குடிக்கும் வழக்கம் தமிழர் வீடுகளிலும் உண்டு. மாவில் சேர்ப்பது பழத்திலிருந்து பிரித்தெடுத்த மோகுரோசைட் என்ற பொருளை. அதே பெயரில் கடைகளில் கிடைக்கும் இனிப்புக் கட்டிகளில் பெரும்பாலும் கரும்புச் சர்க்கரையும் இருக்கும். சர்க்கரை நோயாளிகள் இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இலைப் படத்தைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். ஸ்டீவியா இலையைப் பறித்து அரைத்துப் போடுவதில்லை. நீரில் ஊறவைத்து, பிசின் அடுக்குகளில் வடித்து, ஆல்கஹாலில் படிகமாக்கி, 95 விழுக்காட்டுக்கும் மேல் தூய்மையாக்கிய பிறகே உணவில் சேர்க்கிறார்கள். அதில் தவறில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் ஸ்டீவியோல்வரை நாள்தோறும் உட்கொள்ளலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் உணவு, விவசாய அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு 2008இல் வரையறுத்தது. ஒன்றிரண்டு ஸ்கூப்பில் அந்த எல்லையைத் தொடுவது அரிது. ஆனால் செயற்கை இனிப்பான சுக்ரலோஸ் நஞ்சு, ஸ்டீவியா அமுதம் என்று கடைகளில் சொல்வதை நான் ஏற்கவில்லை. உடல் எடையைக் குறைக்கச் சர்க்கரையல்லாத இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னபோது, ஸ்டீவியாவையும் அந்தப் பட்டியலில்தான் வைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் அதிலேயே சொல்லியிருக்கிறது.

தைப்பூச விரத காலத்தில் ஜிம்முக்குப் போகும் தம்பிகள் பலர் மீனையும் கோழியையும் நிறுத்திவிட்டு இந்த மாவை நம்புகிறார்கள். காவடி எடுப்பவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. சீஸுக்காகப் பாலைத் திரிக்கும் ரென்னெட், பால்குடிக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கப்பட்ட பொருள். அதே நொதியை நுண்ணுயிர்களைக் கொண்டு உண்டாக்கும் முறைக்கு 1990இல் அமெரிக்கா அனுமதி தந்தது. இன்று பெரும்பாலான ஆலைகள் அதற்கு மாறிவிட்டாலும் எல்லா ஆலைகளும் மாறவில்லை. ஜாக்கிம் ஹலால் முத்திரை இந்த ஐயத்தைத் தீர்க்காது. முறைப்படி அறுத்த கன்றின் ரென்னெட்டும் ஹலால்தான். சைவம் என்ற குறியைத் தனியாகத் தேட வேண்டும், இல்லையென்றால் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். என் டப்பாவில் அந்தக் குறி இல்லை. விரதக்காரர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த மாவை ஜிம் இளைஞர்களின் சாமான் என்று ஒதுக்கிவிடுகிறோம். அதில்தான் எனக்கு வருத்தம். தினமும் முட்டையும் மீனும் கோழியும் தின்னும் இருபது வயதுப் பையனுக்கு இது வசதி, அவ்வளவே. பீடோங், பாடாங் செராய், லூனாஸ் பக்கத்துத் தோட்டங்களில் பால் மரம் வெட்டி ஓய்வுபெற்று, இன்று பிள்ளைகளோடு தாமான் வீடுகளில் இருக்கும் அம்மாமாரை நினைத்துப் பாருங்கள். காலையில் தேநீரும் பிஸ்கட்டும், மதியம் சோறும் கொஞ்சம் பருப்பும், இரவில் ரசம் சோறு. பல் போனபின் கறியும் போய்விடுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குச் சாதாரணத் தேவையே நாளுக்கு 50 கிராம் புரதம். முதியோருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013இல் புரோட்-ஏஜ் என்ற நிபுணர் குழு பரிந்துரைத்தது. அப்படியென்றால் 60 முதல் 72 கிராம். அந்த அம்மாவின் தட்டில் 40 கிராம் சேர்வதே கடினம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாமல் போவதை வயசு என்று விட்டுவிடுகிறோம். தசை கரைவதற்கு உணவும் ஒரு காரணம்.

அதோடு சர்க்கரை நோய். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்கிறது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது அதிகம். காலை உணவுக்கு முன் 50 கிராம் வே குடித்த 15 நீரிழிவு நோயாளிகளுக்கு, உணவுக்குப் பிந்திய சர்க்கரை ஏற்றம் 28 விழுக்காடு குறைந்தது என்று 2014இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். சிறிய ஆய்வு, பெரிய அளவு மாவு. அதை நம்பி மாத்திரையைக் குறைக்கக் கூடாது. ஆனால் சர்க்கரை சேர்க்காத புரதம் இந்த நோயாளிக்கு ஆகாத பொருள் அல்ல என்பதற்கு அது போதும். ஒரு நிபந்தனையை மட்டும் தளர்த்தவே கூடாது. நீண்டநாள் சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தின்றிருக்கலாம். கடுமையான சிறுநீரகப் பாதிப்பு இருந்து டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு மேலதிகப் புரதம் தீங்கு. அரசாங்க கிளினிக்கில் ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்து, மருத்துவர் சரி என்ற பிறகே முதல் ஸ்கூப்.

காசுக் கணக்கில் இது தோற்கிறது. ஒரு கிலோவில் 33 வேளை வரும், வேளைக்கு ஆறு வெள்ளிக்கு மேல். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். நான்கு முட்டை ஏறக்குறைய அதே 25 கிராமைப் பாதி விலைக்கும் குறைவாகத் தந்துவிடும். 100 கிராம் தெம்பேயில் 19 கிராம் அளவுக்குப் புரதம், அதுவும் மலிவு. கடிக்க முடிந்தவர்கள், முட்டை சாப்பிடுகிறவர்கள் இந்த டப்பாவுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. கடிக்க முடியாதவர்கள், பசியில்லாதவர்கள், பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் அந்த ஆறு வெள்ளி நியாயமான செலவு.

என் அம்மாவுக்கு வெனிலா பிடிக்கவில்லை. “மருந்து மாதிரி இனிக்குதுப்பா” என்று கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டார். இனிப்பை இயற்கையாக்குவதற்கு இவ்வளவு பாடுபட்ட பொருளில், அவருக்கு வேண்டாதது அந்த இனிப்புதான். அடுத்து வாங்கியது சுவையும் இனிப்பும் சேர்க்காத ஐசோலேட், மூலப்பொருள் வரியில் இரண்டே பெயர்கள். நீர்மோரில் ஒரு ஸ்கூப்பைக் கரைத்து, உப்பும் நறுக்கிய பச்சை மிளகாயும் இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டுக் கொடுத்தேன். முழுக் கிளாஸையும் குடித்தார். இனிப்பு சேர்த்த டப்பாவுக்கு நான் தரும் மதிப்பெண் பத்துக்கு ஆறு, சேர்க்காததற்கு எட்டு.